ஒன்பதாம் பாகத்தின் கால்

முகமூடிக் கொலைகாரன் படங்களில் எட்டுப் பாகம் வரை முகமூடிக்குள் இருந்தவர் அவர்தான். முதல் பாகத்தில் மாடியிலிருந்து குதித்தபோது இடது முழங்கால் போனது. அவர் காலை இழுத்து இழுத்து நடந்ததையே கொலைகாரனின் அடையாளமாக்கிவிட்டார் இயக்குநர். அதற்குக் கைதட்டல் வேறு.

வயதாகிவிட்டதென்று ஒன்பதாம் பாகத்துக்கு ஓர் இளைஞனைப் போட்டார்கள். மனைவியோடு போய்ப் பார்த்தார். புதியவன் ஒரு காட்சியில் இடது காலை இழுத்தான், அடுத்ததில் வலது காலை. தியேட்டரே சிரித்தது. இடைவேளையிலேயே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நடக்கக்கூடத் தெரியல. உங்க கால்தூசி பெறுவானா அவன்?" என்றாள் மனைவி.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "விடு. அவனாவது ஷூட்டிங் முடிஞ்சதும் நேரா நடந்து வீட்டுக்குப் போகட்டும்."