பேர்சி அண்ணையின் புகையிலைக் காணிக்கை

சுவிஸ் நாட்டின் லாங்கன்தாலில் தொழிற்சாலை வேலை செய்த பேர்சி அண்ணைக்கு ஒரு கெட்டித்தனம் உண்டு. கேட்டதில் பாதியை மட்டும் நினைவில் வைப்பார். அந்தப் பாதியை முழுப் பக்தியோடு கடைப்பிடிப்பார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் எங்கள் கோவில் மண்டபத்தில் பேச அமெரிக்காவிலிருந்து லெனாப்பே பழங்குடிப் பெண் ஒருவர் வந்தார். மூலிகை பறிக்கப் போனால் முதலில் காணும் செடியைத் தங்கள் ஆட்கள் தொடுவதில்லை என்றார். அதன் அடியில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து, தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, மற்றச் செடிகளில் அளவாக எடுப்பார்களாம். அப்போதுதான் அந்த இனம் அற்றுப்போகாது. என் மனதில் செடி நின்றது. அண்ணையின் மனதில் புகையிலை நின்றது.

இன்னொரு குளிர்காலமும் இப்படிச் சிகரெட் ஊதினால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் அவரை எச்சரித்திருந்தார். இனித் தொடமாட்டேன் என்று மனைவி யூலியானா அக்காவுக்கு அண்ணை மாதாவின் பேரில் சத்தியமும் செய்திருந்தார்.

மறு சனிக்கிழமையே காட்டோரம் ஸ்பிட்ஸ்வேகரிக் பறிக்கக் கிளம்பினார். சுவிஸ்காரர் இருமலுக்குப் பாணி காய்ச்சும் இலை அது. கூடப் போன நானே சாட்சி. முதல் செடியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். சிகரெட் ஒன்றிலிருந்து ஒரு சிட்டிகை தூவினார். மிச்சம் வீணாகக் கூடாதென்று பற்றவைத்தார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலைதான். கோடை முழுக்க இந்தப் பக்தி வளர்ந்தது. வீட்டில் பாணிப் போத்தல்கள் நிறைந்தன, இருமல் மட்டும் குறையவில்லை. ஏலக்காய் சப்பிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். அக்காவின் மூக்கு ஏமாறுமா?

ஒருநாள் எங்களோடு தானும் வருவதாக அக்கா புறப்பட்டார். முதல் செடி வந்ததும் கையை நீட்டினார். அண்ணை ஒரு சிகரெட்டைக் கொடுத்தார். அக்கா பெட்டியையே பிடுங்கிக் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக உடைத்துப் புகையிலையைச் செடியின் அடியில் கொட்டினார். தாளையும் பஞ்சையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு சிட்டிகை காணுமப்பா," என்றார் அண்ணை பரிதாபமாக.

"சின்னக் காரியம் கேக்கிறவைக்குக் காணும். நான் கேக்கிறது பெரிசு."

"என்ன கேக்கிறீர்?"

"உங்களைத்தான்."

அண்ணை குனிந்து, முதல் செடியை விட்டு அடுத்ததில் இரண்டு இலை கிள்ளினார். பிறகு காற்சட்டைப் பைக்குள் ஒளித்திருந்த மற்றப் பெட்டியையும் எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.