மெத்தை போட்டு விழுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் கீழ்வீட்டுக்காரர் பழைய மெத்தையை வாசலில் விரித்து, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, மெனக்கெட்டு விழுந்துகொண்டிருப்பார். இடப்பக்கம் கொஞ்ச நேரம், வலப்பக்கம் கொஞ்ச நேரம். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடியும் ஏறுவார். நான் மாடியில் காபியோடு நின்று பார்ப்பேன். செலவில்லாத பொழுதுபோக்கு.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பது அவர் தொழில். போன வருடம் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. விழும்போது வலக்கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், "இதே இடத்துல இன்னொரு தடவை முறிஞ்சா இந்த வேலைய மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று பிடித்ததுதான் இந்தப் பித்து.

"வண்டிய விட்டுடணும் சார். கைய மட்டும் நீட்டவே கூடாது. முழங்கைய மடக்கி, முகவாய நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, தோள்ல வாங்கி உருண்டுடணும்." கை எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் இதுதான் பதில்.

பழக்கம் முற்றிவிட்டது. பஸ்ஸில் திடீர் பிரேக் போட்டால் எல்லோரும் கம்பியைப் பிடிப்பார்கள். இவர் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு உருண்டுவிடுவார். ஒருமுறை கண்டக்டரின் காலடி வரை போனவர், படுத்தபடியே டிக்கெட் கேட்டாராம். தெருவில் அவருக்கு 'உருளை' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், வருத்தமெல்லாம் இல்லை.

அவர் மனைவியின் ஆபீஸ் தூரமான இடத்துக்கு மாறியது. சைக்கிள் பழக வேண்டும் என்று இவரிடமே போய்க் கேட்டார். வந்தது வினை. ஒரு மாதமாக மெத்தையில் விழுவது மட்டுமே பாடம்.

"ஓட்டச் சொல்லிக் குடுங்கன்னா விழச் சொல்லிக் குடுக்கறீங்களே. நான் எப்பங்க ஆபீஸ் போறது?"

"ஓட்டறது தன்னால வரும். எங்க, முகவாய்?"

பாவம், அந்த அம்மா முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்வார்.

போன ஞாயிறு ஒருவழியாக மெத்தை இல்லாமல் தெருவில் இறங்கினார்கள். அவர் சீட்டைப் பிடித்தபடி ஓடிவந்து, பிடியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அந்த அம்மா கொஞ்ச தூரம் அழகாகவே போனார். திருப்பத்தில் ஹேண்டில் ஆடியது.

வண்டியை விட்டார், முழங்கையை மடக்கினார், தோளில் வாங்கி உருண்டார். ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாத்தியாரிடம்தான். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மனைவியைத் தாங்கப் பாய்ந்தவர், அந்த அம்மா ஏற்கெனவே உருண்டு காலி செய்துவிட்ட இடத்தில், உள்ளங்கைகள் தரையில் அறைய விழுந்தார்.

காபியை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். அவர் எழுந்து உட்கார்ந்து வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொட்டார். மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். சிராய்ப்புதான், வேறு ஒன்றுமில்லை.

"சரியா விழுந்தேனாங்க?" என்று குரல் வந்தது. அந்த அம்மா இன்னும் உருண்ட இடத்திலேயே, சொல்லிக்கொடுத்தபடி முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் தவழ்ந்து பக்கத்தில் போனார். சிராய்த்த அந்தக் கையை நீட்டி, இரண்டு விரலால் மனைவியின் முகவாயை மெல்ல நிமிர்த்தினார்.