மூக்கு மெக்கானிக்கும் டேங்க் மூடியும்

கார் எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகி எடுத்து, குனிந்து முகர்ந்து பார்ப்பார். கலப்படமா, பழைய பெட்ரோலா, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும். அதனால் ஊருக்கு அவர் மூக்கு மெக்கானிக். பட்டம் கிடைத்த பிறகு அந்த மூக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

நாற்பத்தெட்டு வயதில் அவர் மனைவி கார் ஓட்டக் கற்றாள். சொல்லிக்கொடுத்தது அவரில்லை, அவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? உரிமம் வாங்கிய கையோடு, வீட்டிலிருந்த பழைய காரில் தான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போய்வரத் தொடங்கினாள். அந்த அரைமணி நேரம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்புறம் கார் வழியில் நிற்க ஆரம்பித்தது. இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு இருமி இருமி அணைந்துவிடும். அவள் போன் செய்வாள். அவர் பைக்கில் வந்து இறங்குவார், மூடியைத் திருகுவார், முகர்வார், மூடுவார், சாவியைத் திருப்புவார். கார் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கிளம்பும். பட்டறையில் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பையும் மாற்றினார். அவர் கையில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

மகனும் மருமகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தீர்ப்பை வாசித்தார். “வண்டியில ஒரு குறையும் இல்ல. உங்க அம்மாவுக்கு ஓட்டத் தெரியல.”

மருமகள் தட்டைப் பார்த்தாள். மனைவி மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது, அதுதான் கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினரைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். ஓட்டியது அவர். எப்படி ஓட்ட வேண்டும் என்று வழிநெடுக வகுப்பும் எடுத்தார். பாலத்தின் நடுவில் கார் இருமி அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவர் பதறிப்போய், மூக்கை மறந்து, நேரே பானட்டைத் திறந்தார்.

மனைவி இறங்கிப் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க வந்தா முதல்ல இதைத்தானே செய்வீங்க” என்றாள்.

கார் கிளம்பியது. அவருக்கு விளங்கிவிட்டது. மூடியிலிருக்கும் காற்றுத் துவாரம் அழுக்கில் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை. மிச்சப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகாமல் டேங்கிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அவரே மூடியைத் திறந்து கோளாறைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் கோளாறைத் தேடியிருக்கிறார். அந்தப் ‘புஸ்’ அவருக்கும் கேட்டதுதான். மூக்கால் பிழைத்தவர் காதை மதிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மூடியிலதான் கோளாறு. உன்மேல தப்பில்ல” என்றார், எஞ்சின் சத்தத்தைவிட மெதுவாக.

“என்கிட்ட சொன்னா ஆச்சா? பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. இப்ப தள்ளி உட்காருங்க, நான் ஓட்டுறேன்.”

அவள் ஓட்டினாள், நன்றாகவே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் அவர், வீட்டில் சொல்ல வேண்டியதை ஏழெட்டு விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கோளாறைக் கண்டுபிடித்தவர் அவராகவே இருந்தார்.