சிவப்பு எண்ணெய்

அமுதவள்ளி என்று கேட்டால் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்கூல் வேன் ஆன்டி என்றால் தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். நானும் அவர் வேனில் போனவன்தான். தாமதமாக வந்தால் ஒரு ஹார்ன், சாப்பாட்டு டப்பாவை மறந்தால் இரண்டு ஹார்ன். இன்றைக்கு எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. ஆனாலும் வாசலில் அந்த ஹார்ன் கேட்டால் கை தானாகச் சட்டைப் பட்டனைத் தேடும்.

போன வருஷம் ஓட்டத்தை நிறுத்தினார். வேனை மட்டும் விற்கவில்லை. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை. கிழக்குக் கரைக்குப் போய் மாராங் கடலோரத்தில் நிறுத்தித் தூங்க வேண்டும் என்றார்.

"எங்க போனாலும் ஒரு மணிக்குள்ள ஸ்கூல் கேட்டுக்குத் திரும்பி வந்தாகணும், லோகன். ஒரு தடவையாவது மணி பாக்காம நேரா போய்க்கிட்டே இருக்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த கேட்டில் அவரைக் காத்திருக்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

தடையாக நின்றது எஞ்சின் எண்ணெய். எங்கிருந்தோ ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் கணவர் பரமேஸ்வரன் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கறார் பேர்வழி. மலைப்பாதையில் நின்றுபோனால் யார் வருவார், பழைய இரும்புக்குப் போடு, நான் அதில் ஏற மாட்டேன் என்று தினமும் ஒரே பாட்டு. வாக்குவாதம் முற்றி, சனிக்கிழமைக்குள் லோகன் சரிசெய்யாவிட்டால் விற்றுவிடலாம் என்று ஆன்டி வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒழுகலைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, மேலே வெள்ளைப் பவுடர் தூவிவிட்டு ஓட்ட வேண்டும். கசிகிற இடத்தில் கோடு விழும். வெள்ளிக்கிழமை கழுவி எண்ணெய் மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை பவுடர் தூவி, பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டிவிட்டு நேராக என்னிடம் வரச் சொன்னேன். ஆன்டி வீட்டில் பவுடர் தீர்ந்துவிட்டதாம். சாமி அறையில் இருந்த திருநீற்றை எஞ்சின்மேல் கொட்டிவிட்டு, அதை மூடும் முன் சீட்டைத் திறந்தபடியே விட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திருநீறும் வெள்ளைதானே.

மதியம் வந்தார். எஞ்சினை மூடியிருந்த முன் சீட்டைத் தூக்கினேன். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. புது எஞ்சின் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய். ஆன்டி முட்டி வலிக்காக வாங்கியது கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் வண்டி. அந்த வயது வண்டிக்குக் கியர் பாக்ஸ் சாமான் கிடைக்காது. பெரிய நிபுணன் மாதிரி, தொட்டுக்கூடப் பார்க்காமல், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆன்டி அங்கிளுக்குப் போன் போட்டு, "நீங்க சொன்னதுதான் சரி. வித்துடலாம்," என்றார். பிறகு வேனுக்குள் போய்த் திரையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அங்கிள் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஜெயித்த முகத்தோடு வந்திருப்பார் என்று எனக்கு அவர்மேல் ஒரே எரிச்சல். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எஞ்சினை எட்டிப் பார்த்தார். மடித்து வைத்த திரையைப் பார்த்தார். மறுபடியும் எஞ்சினைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வண்டி அன்றைக்கே விலைக்குப் போயிருக்கும்.

"அது கியர் எண்ணெய் இல்ல லா, தம்பி," என்றார். "குங்குமம்."

காலையில் எஞ்சின் முழுக்கத் திருநீற்றைப் பார்த்தவர், மனைவி வண்டிக்குப் பூசை போட்டுவிட்டுக் குங்குமம் வைக்க மறந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். தானே தாராளமாக அள்ளி வைத்திருக்கிறார். எஞ்சின் மேல்மூடியின் ரப்பரில் கசிந்த எண்ணெய் அதைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், குங்குமமேதான். தினமும் நெற்றியில் வைக்கிற எனக்கு அது தெரியவில்லை.

"விக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார் ஆன்டி.

அங்கிள் ஹெல்மெட் வாரை நோண்டிக்கொண்டே, "விக்கத்தான் சொன்னேன். போற வழியில நீ நடுரோட்டில நின்னுடணும்னா சொன்னேன்? அதான் குங்குமம் வச்சேன்," என்றார்.

ஆன்டி மடித்த திரையைப் பிரித்து மறுபடி மாட்டினார்.

புது ரப்பர் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது. கீழே அட்டை விரித்து அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆன்டி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, இடது பக்க சீட் பெல்ட் சரியாக இழுக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு ஹார்ன் அடித்தார். அங்கிள் ஹெல்மெட்டோடேயே ஏறி உட்கார்ந்தார்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. அங்கிளுடைய மோட்டார் சைக்கிள் இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது.