விரல் தூக்கும் மாரெட்

காலால் ஒரு தட்டு. இரும்புக் கூண்டின் கதவு திறக்கும், ஓர் ஆடு வெளியே பாயும், அடுத்தது உள்ளே வரும். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தபடியே மாரெட், ஆட்டின் பின்னந்தொடைக்கு முன்னால் உரோமம் இல்லாத இடத்தில் ஸ்கேன் கருவியை அழுத்துவாள். எதிரே உள்ள சின்னத் திரையை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு, திரும்பாமலே இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி விரலைக் காட்டுவாள்.

ஒரு விரல் என்றால் வயிற்றில் ஒரு குட்டி, இரண்டு விரல் என்றால் இரட்டை. விரல்களை மடக்கிக் காட்டினால் வயிறு காலி. ஆடுகள் போடும் கூச்சலில் வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது. பின்னால் மைக்குப்பியோடு நிற்கும் பண்ணைக்காரர் ஒற்றைக்கு நீலம், காலிக்குச் சிவப்பு என்று ஆட்டின் முதுகில் பீய்ச்சுவார். இரட்டைக்கு மை கிடையாது. எல்லோரும் வேண்டுவதே இரட்டைதான். அதனால் மை அதிகம் செலவாகாத பண்ணையில் அன்றைக்குத் தேநீரோடு பெரிய துண்டு கேக் கிடைக்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் மாரெட் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். இவளை ஸ்கேன் மாரெட் என்போம். ஐம்பதைத் தாண்டியவள். குளிர்காலம் முழுக்க பண்ணை பண்ணையாகப் போவாள். அவள் வண்டி முற்றத்தில் நுழைந்தாலே பண்ணைக்காரர்கள் சிவப்பு மை எவ்வளவு இருக்கிறது என்று குலுக்கிப் பார்ப்பார்கள். என் கொட்டகையில் இருப்பது அறுபது ஆடுதான், நானே குலுக்கிப் பார்ப்பேன். ஒருமுறை சிவப்பு மை கொஞ்சம் தாராளமாக ஓடியபோது, ஆடுகளுக்கு என்ன கேடு என்று புலம்பினேன். "ஆட்ட ஏன் திட்டுறீங்க? அதுங்க நல்லாத்தான் இருக்கு. உங்க கிடாதான் சோம்பேறி" என்றாள். கிடாவை அந்த வாரமே விற்றுவிட்டேன்.

கடையில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டி, "இவளுக்கு ஒண்ணா ரெண்டா, மாரெட்?" என்று கேட்காத நாளில்லை. "கூண்டுக்குள்ள ஏத்துங்க, பாத்துச் சொல்றேன்" என்பாள். ஆனால் ஒரு பண்ணையின் கணக்கை அடுத்த பண்ணையில் சொல்லமாட்டாள். யாருக்கு நல்ல வருஷம், யார் பாடு திண்டாட்டம் என்பது பனி உருகுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். எவ்வளவு தூண்டித் துருவினாலும் கல்லுளிமங்கி பிடி கொடுக்கமாட்டாள்.

பாட்டு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு கிடையாது. வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, தேவாலயத்தில் பிளகைன் என்ற பாட்டு வழிபாடு நடக்கும். அழைப்பார் யாரும் இல்லை, அறிவிப்பு இல்லை, கைதட்டல் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றும்போது எழுந்து முன்னே போய், வாத்தியம் ஏதும் இல்லாமல் ஒரு பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பும். பாட்டின் சொற்கள் எல்லார் வீட்டுப் புத்தகத்திலும் உண்டு. மெட்டுதான் குடும்பச் சொத்து. அங்கே ஒரே ஒரு சட்டம்: ஒரு பாட்டை ஒரே மாலையில் இரண்டு முறை பாடக் கூடாது. உங்கள் பாட்டை வேறு யாராவது முந்திக்கொண்டு பாடிவிட்டால், வாயை மூடிக்கொண்டு வேறு பாட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாரெட் குடும்பத்தில் அவளும் தங்கையும் அப்பா தெக்வினும் பாடுவார்கள். இலையுதிர் காலத்தில் தெக்வினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. டவுனில் முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் அவர் இடத்தில் மருமகன் பாடுவதாக ஏற்பாடு. பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம பாட்டு. அதக் கேட்டாப் போதும். சாப்பாடு வேணாம்." மாரெட் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "எங்கப்பா வாயிலேர்ந்து சாப்பாடு வேணாம்னு வந்து நான் கேட்டதே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த ஜனவரியை அவர் பார்ப்பார் என்று வைத்தியர் உட்பட யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அன்று மாலை அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நடுவழியில் நிறுத்தினார்கள். கோட்டுக்கு மேல் கம்பளி, தலை சீவி விட்டிருந்தது. குழந்தைகள் பாடினார்கள். இரண்டு குடும்பங்கள் போய் வந்தன. பிறகு மேல்பண்ணை மெய்ரிக் எழுந்து, தன் இரண்டு மகன்களோடு முன்னே போனார். சுருதி பார்க்கும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தார். மூவரும் வாயைத் திறந்தார்கள்.

மாரெட்டின் வீட்டுப் பாட்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெய்ரிக் திருட்டுப் புத்தி உள்ளவர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர் கொட்டகையில் மாரெட் இரண்டு நாள் வேலை பார்த்தாள். மைக்குப்பியோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவர் அவர்தான். அவள் முணுமுணுத்த மெட்டு மனிதரின் காதில் ஒட்டிக்கொண்டு, நாலு நாள் கழித்துத் தன் தாத்தாவின் மெட்டாக நினைவுக்கு வந்திருக்கிறது. மறந்துபோன சொத்து திரும்பக் கிடைத்தது என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார், பாவம்.

மாரெட் அசையவில்லை. அவள் தங்கை அவள் கையைப் பிடித்தாள். பின்வரிசையில் இருந்த எனக்கு மாரெட்டின் பிடரிதான் தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்தது. இரண்டு பெண்களின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முரட்டு ஆண் குரல். நன்றாகத்தான் பாடினார்கள், அதுதான் இன்னும் கொடுமை.

மூன்றாவது சரணத்தில் மெய்ரிக் நிமிர்ந்து பார்த்தார். தெக்வின் கண்ணை மூடியிருந்தார். கோணிய வாயால், சத்தமே வராமல், மெய்ரிக் பாடிய அதே கீழ்க்குரல் வரியை அவரும் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மெய்ரிக்குக்கு ஒரு மூச்சு முன்னால் அந்த உதடு திரும்பியது.

மெய்ரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. சரணத்தை முடித்தார். நான்காவதுக்கு மூச்சு இழுத்த மகன்களைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது நம்ம பாட்டு இல்லடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. புத்தகத்தை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தன் இடத்துக்கு நடந்தார்.

பாட்டைப் பாதியில் விட்டு யாரும் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. பாதியில் நின்றது பாடிய பாட்டா, பாடாத பாட்டா? முதலிலிருந்து பாடினால் மூன்று சரணம் இரண்டாம் முறை வரும். சட்டம் உடையும். விட்டுவிட்டால் கிழவர் வெறுங்காதோடு இல்லத்துக்குத் திரும்புவார். பாதிரியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது இருமினால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மாரெட் எழுந்தாள். தங்கையும் தங்கை கணவரும் பின்னால் போனார்கள். அவள் இசைக்கவையை எடுக்கவில்லை. மெய்ரிக் விட்டுப்போன சுருதி இன்னும் அங்கேயே நின்றது. தங்கையிடம் ஏதோ சொன்னாள், அவள் தலையாட்டினாள்.

நான்காவது சரணத்தில் தொடங்கினார்கள்.

அந்த மாலை அந்தப் பாட்டு ஒரே ஒரு முறைதான் பாடப்பட்டது. பாடியவர்கள்தான் இரண்டு குடும்பம். ஒன்பதாவது சரணம் வரைக்கும் தெக்வின் கண்ணைத் திறக்கவில்லை, உதடும் நிற்கவில்லை. நான் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, ஏனென்றால் பக்கத்தில் இருந்தவரும் அழுதார்.

பாடி முடித்ததும் வழக்கப்படி கைதட்டல் இல்லை. மாரெட் நடுவழியாகத் திரும்பி வந்தாள். குனிந்து அப்பாவின் கம்பளியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில், மெய்ரிக் இன்னும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, இரண்டு விரலைக் காட்டினாள்.