குதிரையோடு போன பெண்ணின் கடைசி வாரம்

என் மகளுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. ஐம்பதைத் தாண்டியவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜப்பான் கார்ட்டூன் பார்த்து மூக்கைச் சிந்துகிறேனாம். அதற்கு அனிமே என்று பெயர் இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் எது ரொம்பப் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டாள். வாயில் வந்த இரண்டு மூன்றைச் சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் பிடித்தது ஒன்றுதான். அதன் பெயரும் எனக்கு ஞாபகமில்லை, முடிவும் தெரியாது. தெரியாமல் போனதற்கு நானே காரணம் என்பதால் அதைப்பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா கிளாக்கர். தோட்டத்திலேயே மூன்று வீடுகளில்தான் டெலிவிஷன், அதில் ஒன்று எங்களுடையது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அந்த ஜப்பான் படம் வரும், சிங்களத்தில் பேசும். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், உள்ளே வரக்கூடாது. அப்படியொரு சட்டத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜன்னலில் நின்றவர்களில் ஒருத்தி என் வகுப்புக்காரி. அவளுடைய அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பா முன்பு கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை செய்தார். அங்கே சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ கடையில் சீனி கேட்கிற அளவுக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லாம் விளங்குவதாக அளந்துகொண்டிருந்தேன். படம் தொடங்கியதும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அவள் கம்பியைப் பிடித்தபடி என் காதுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லுவாள்.

காணாமல்போன அண்ணனைத் தேடி, ஒரு கிழட்டுக் குதிரையோடு ஊர் ஊராகப் போகும் பெண்ணின் கதை அது. அதில் எதற்கும் அவசரமில்லை. குதிரையின் சேணத்தைக் கழற்றி, முதுகைத் துடைத்து, தண்ணீர் வைக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மழை பெய்தால் மழையையே கொஞ்சநேரம் காட்டுவார்கள். எங்கள் பக்கத்து மழை போலவே நின்று நிதானமாகப் பெய்யும். கெட்டவன் என்று நாங்கள் திட்டித் தீர்த்த ஆள் அடுத்த வாரம் தன் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பான், எங்களுக்குத் திட்டின வாய் அடைத்துப்போகும். மாமா வீட்டில் பார்த்த எந்த சினிமாவும் என்னை அப்படிச் செய்ததில்லை. அந்தப் படத்தை அவ்வளவு நேசித்தேன். அதை எனக்குப் புரியவைத்தவளை அப்படி நேசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

ஒருநாள் நல்ல மழை. தேயிலை ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரின் வீட்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்து உத்தியோகத்தர் குடும்பங்களில் அவர் சொன்னதுதான் சட்டம். என் வகுப்புக்காரி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தனியாக ஜன்னலில் நின்றாள். டீமேக்கரம்மா மூக்கைச் சுளித்தார்.

"சாக்கு நாத்தம் அடிக்குதே, யாரு அங்க?"

அம்மா வாய் திறக்கும் முன்னால் நான் எழுந்தேன்.

"லயத்துப் புள்ளங்க. சும்மா வேடிக்கை பாக்குது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

அந்த ஜன்னல் பலகை வளைந்து கீழே இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாக, பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்கிற அளவுக்கு அவளுடைய குரல் வந்துகொண்டே இருந்தது. "குதிர கால்ல முள்ளு ஏறியிருக்காம். ரெண்டு நாளைக்கி நடக்கக் கூடாதாம்."

"ஒனக்கு இந்த சிங்களம் வெளங்குதா?" என்று டீமேக்கரம்மா என்னைக் கேட்டார்.

"வெளங்குங்க" என்றேன். "குதிரை கால்ல முள்ளு ஏறியிருக்காம். ரெண்டு நாளைக்கி நடக்கக் கூடாதாம்."

படம் முடியும்வரை அப்படியே ஒப்பித்தேன். கெட்டிக்காரி என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார். அம்மா மட்டும் ஜன்னலை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, டீ ஊற்றப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் அவள் வந்தாள். நான் எப்போதும்போல நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன், அவளும் கம்பியைப் பிடித்தபடி கதை சொன்னாள். அதன்பிறகு சில வாரங்களில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவர்கள் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊருக்குப் போகிறாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை, படம் முடிய இன்னும் ஒரே வாரம் இருந்ததுதான்.

"அந்தப் புள்ள அண்ணனப் பாத்துச்சான்னு எனக்கு எழுதுவியா?" என்று கேட்டாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கடைசி வாரம் ஜன்னலில் அவள் இல்லை. பனி கொட்டும் ஊரில் ஒரு வீட்டுக் கதவை அந்தப் பெண் தட்டினாள். ஓர் இளைஞன் திறந்தான். இருவரும் வாசலில் நின்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு அவள் குதிரையைப் பிடித்துக்கொண்டு தனியே திரும்பி நடந்தாள். அவன் அண்ணனா, யாரோ ஒருவனா, அண்ணன் செத்த செய்தியைச் சொன்னானா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். சிங்களம் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீலகிரிப் பக்கமிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைதானாம், இங்கே போலவே குளிராம். படத்துப் பெண் அண்ணனைப் பார்த்தாளா என்று கேட்டிருந்தாள். கீழே இன்னும் இரண்டு வரி.

"அன்னைக்கு நீ ஜன்னல சாத்துனப்ப மழ சத்தத்துல நான் சொன்னது ஒனக்கு கேட்டுச்சா? சத்தமா சொன்னா ஒங்கம்மா ஏசுவாங்கன்னு மெதுவாத்தான் சொன்னேன்."

எனக்குக் கதை விளங்காமல் போயிருக்குமோ என்றுதான் அவளுக்கு இத்தனை நாளும் கவலை. முடிவு தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம், அதற்குக்கூட ஒரு மாதிரி தைரியம் வந்தது. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கை ஓடவில்லை. கேட்டது என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். எழுதினால், நனைந்துகொண்டே நீ சொன்னதை நான் சொன்னதாகச் சொல்லிக் கெட்டிக்காரிப் பட்டம் வாங்கினேன் என்பதையும் எழுத வேண்டும்.

நான் பதில் போடவில்லை. அவளிடமிருந்து மறுபடி கடிதமும் வரவில்லை.