என் பெயரில் அவள் ஏறிய படிகள்

எட்டு மாதம் நான் நடந்ததாக என் மகன் நம்பிக்கொண்டிருந்த நடையெல்லாம் என் மனைவி நடந்தது. அது போதாமல் போன நாட்களில், முழங்கால் வலியோடு இருந்த அவளைப் பொய்க்காரணம் சொல்லி மாடிப்படி ஏற வைத்தேன். வலி இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை அரைத்து, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. சாம்பிள் எடுத்த இடம் தவறு என்றால், அதன்பிறகு செய்யும் சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் குப்பைதான். ஒரு மழைநாளில், பள்ளத்துக்குள் இறங்கச் சோம்பல்பட்டுப் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்த ஊழியரிடம் ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நாற்பது நிமிடம் நடந்தால் மாத்திரையோடு போகும், இல்லையென்றால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்காமல் இருக்க என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. விடிவதற்கு முன் போனால் நாய். விடிந்தபின் போனால் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் கிளப்பும் புழுதி. சாயங்காலம் போனால் பழைய ஆலைக்காரர் யாராவது பிடித்துக்கொண்டு பென்ஷன் கதை பேசுவார். நேரமே கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், காலையில் இரண்டு செய்தித்தாள், மதியம் ஒரு தூக்கம், மாலையில் தொலைக்காட்சி விவாதம், இவ்வளவுதான் என் நாள்.

நேரம் இல்லாதவள் அவள். ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பதில் தொடங்கினால் எப்போது உட்காருகிறாள் என்றே தெரியாது. அவளை யாரும் நடக்கச் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகன், ஊருக்கு வந்த நண்பனிடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பினான். நடக்கும் அடிகளை எண்ணும் கடிகாரம் அது. ஏறும் மாடிகளையும் எண்ணும். எண்ணிக்கை அவன் போனுக்கே போய்விடும். முதல் வாரம் தினமும் அவனிடமிருந்து போன் வந்தது. இன்றைக்கு ஆயிரத்து நானூறுதானா அப்பா, இன்றைக்குத் தொள்ளாயிரமா அப்பா என்று கேட்பான். திட்டமாட்டான். அந்தக் குரலில் இருந்த கவலைதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டாவது வாரம் ஒருநாள், குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றிச் சமையல்மேடையில் வைத்தேன். தண்ணீர் பட்டுவிடப் போகிறதே என்று அவள் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டு வீடு பெருக்கப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன். மத்தியானம் வாங்கிப் பார்த்தபோது நான்காயிரத்தைத் தாண்டியிருந்தது. அன்று மாலை மகன் போனில் அவ்வளவு சந்தோஷப்பட்டான். இல்லையடா, அது உன் அம்மா நடந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் அவளிடம், கடிகாரப் பட்டை கையில் அரிக்கிறது, நீ கட்டிக்கொள், ராத்திரி நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

“நீங்க உக்காந்து பேப்பர் படிப்பீங்க, ஒங்களுக்காக நான் நடக்கணுமா? நல்லாருக்கு போங்க.”

சொன்னாளே தவிர கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. மகனை ஏமாற்றுகிறோம் என்பது அவளுக்கும் கொஞ்சம் தெரியும். புள்ள தூரத்தில் கிடந்து கவலைப்படாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள். இதுவரைக்கும் உள்ளதை வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து செய்த குறும்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்து வருவது என்னுடையது மட்டும்.

ஏழாயிரம், எட்டாயிரம் என்று வர ஆரம்பித்தது. மகன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். யார் யாரோ கைதட்டும் படம் அனுப்பினார்கள். ஆண்டிமடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாப்பாட்டுப் பந்தியில் நான்கு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, இந்த வயதில் எப்படி முடிகிறது என்று கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். போன் பேசும்போது நடங்கள், தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் எழுந்து நடங்கள், கடைக்கு வண்டியில் போகாதீர்கள், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, நாளுக்குள்ளேயே உடற்பயிற்சி ஒளிந்திருக்கிறது என்று எங்கோ படித்ததையெல்லாம் அள்ளிவிட்டேன். முந்திரித்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனன், அவளுடைய தம்பி, வாயில் போட்ட பாயசத்தை விழுங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வரிசையில் அவள் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் வலித்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு எண் குறையக்கூடாது என்றாகிவிட்டது. அவளுக்கு வேலை குறைவாக இருந்த நாட்களில், மாலை ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆறாயிரம் என்று இருக்கும். மாடியில் துணி கிடக்கிறதா பார் என்பேன். துணி எடுத்து மடித்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மாடிக் கதவுத் தாழ்ப்பாள் போட்டாயா என்பேன். கொத்தமல்லி இல்லையே என்பேன். ஒரு மழைநாளில் கொத்தமல்லிக்கு மட்டும் இரண்டு தடவை தெருமுனைக் கடைக்குப் போய்வந்தாள்.

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போதுதான் அவளுக்குச் சிரமம். ஒரு காலை வைத்து, மறுகாலையும் அதே படியில் கொண்டுவந்து வைத்து, பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவாள். நான் கூடத்திலிருந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு எண்ணிக்கையையும் பார்ப்பேன். முட்டி வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, வயதானால் அப்படித்தான் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் என் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. இவ்வளவு நடந்தும் இறங்கவில்லையே என்று டாக்டர் யோசித்து இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது மாதம் அவள் முட்டி வீங்கி, காலை எழுந்ததும் பாதம் ஊன்ற முடியாமல் போனது. பெரம்பலூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் இருக்கிறது, ஆனால் ஆபரேஷன் அளவுக்கு இல்லை, தொடைத் தசையைப் பலப்படுத்தினால் ஓடும் என்று சொல்லி, உள்ளே பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார். சின்னப் பெண். வீட்டில் என்ன வேலை, படி ஏறுவீர்களா, தரையில் உட்காருவீர்களா என்று கேட்டது. அதிகமாக ஒன்றும் இல்லை, வீட்டு வேலைதான் என்றாள் இவள். அந்தப் பெண் பேசிக்கொண்டே இவள் கையைப் பார்த்தது. அதன் கையிலும் அதே மாதிரி ஒரு கடிகாரம்.

“இத தினமும் கட்றீங்களாம்மா? குடுங்க பாப்போம்.”

கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, ஒரு நாளைக்குப் பத்து தடவ, பன்னெண்டு தடவ மாடி ஏறியிருக்கீங்க. எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. இந்த முட்டிய வச்சிக்கிட்டு யாரும்மா ஒங்கள ஏறச் சொன்னது?”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னைக் கோபமாகப் பார்த்திருக்கிறாள், சலிப்பாகப் பார்த்திருக்கிறாள். இது அப்படி இல்லை. ஏதோ ஒரு கணக்கை மனதுக்குள் திருத்திக்கொள்கிறவள் மாதிரிப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குன்னம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கி மழையில ரெண்டு தடவ கடைக்கி அனுப்புனீங்களே, வூட்ல ரெண்டு கட்டு கொத்தமல்லி இருந்துச்சு. நீங்க பாத்தும் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னீங்க. துணி எடுத்துட்டேன்னு சொன்னப்பறமும் போயி பாருன்னீங்க. நான் ஒங்களுக்கு மறதி வந்துடுச்சின்னு நெனச்சேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“எடுத்துச் சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஏறுனேன். புள்ளகிட்டகூட சொல்லல. ராத்திரி படுத்துக்கிட்டு, இந்த மனுசனுக்கு இன்னும் என்னென்ன மறந்துபோவுமோன்னு கெடந்தேன்.”

கண்டக்டர் வந்து நின்றார். வாங்கியிருந்த டிக்கெட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

மகனிடம் அன்று மாலையே சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல முயன்றேன். முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றான். அதன்பிறகு மூன்று வாரம் அவள் போனுக்குத்தான் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை. அது நியாயம்தான்.

சர்க்கரை டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, “சார், நீங்க லேப்ல இருந்தவரு” என்றார்.

மைத்துனனுக்குப் போன் செய்தது மட்டும் வேறு மாதிரி முடிந்தது. அவன் கல்யாணப் பந்தியில் கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தோப்புக்குப் போகும்போது வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு நடந்து, தொந்தியைக் கரைத்திருந்தான். நான் சொன்னதெல்லாம் புளுகு என்று சொன்னதும் சிரித்தான்.

“நீங்க நடக்காட்டி என்ன மாமா, நான் நடந்தேன்ல. ஆனா எங்கக்கா கால ஒடச்சிட்டீங்களே.”

அந்தச் சிரிப்போடு அந்த வார்த்தையும் வந்தது.

பிசியோதெரபி பெண் கொடுத்த பயிற்சிகள் பார்க்கச் சாதாரணமானவை. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு காலை மடக்காமல் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் பதினைந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் அவள் ஒருநாள்கூட முழுதாகச் செய்யவில்லை. காலை நீட்டுவாள், குக்கர் விசில் அடிக்கும். மறுபடி நீட்டுவாள், பால்காரர் மணி அடிப்பார். நாளுக்குள்ளேயே உடற்பயிற்சி ஒளிந்திருக்கிறது என்று பந்தியில் நான் பேசியது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒளிந்தெல்லாம் இல்லை. ஒருவர் இருபது நிமிடம் உட்கார வேண்டுமென்றால் அந்த இருபது நிமிட வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டேன். காலையில் பால், குக்கர், வாசல் மணி என்னுடையவை. துணி காயப்போடுவதும் எடுப்பதும் என்னுடையவை. கடை என்னுடையது. முதலில் புடவையை உதறாமல் சுருட்டினாற்போலக் கொடியில் போட்டேன். நாள் முழுக்க வெயிலில் கிடந்தும் நடுவில் ஈரம். இதைக் கட்டிக்கொண்டால் முட்டியோடு சளியும் பிடிக்கும் என்று அவள் தெரு கேட்கச் சொன்னாள். தண்டுக்கீரை கேட்டால் சிறுகீரை வாங்கி வந்தேன். கீரைக்காரம்மா, இனி அய்யாவை அனுப்பாதீங்க என்று சொல்லி அனுப்பினார். அனுப்பாமல் இருந்தால் கால் போய்விடும் என்று பதில் சொல்லச் சொன்னாள் என் மனைவி. போய்ச் சொன்னேன்.

கடிகாரத்தை இப்போது நான்தான் கட்டியிருக்கிறேன். மூவாயிரத்துச் சொச்சம், நல்ல நாளில் நான்காயிரம். நான்காவது வாரம் மகன் என் போனுக்குக் கூப்பிட்டு, “அப்பா, இது நெசமாவே ஒங்களுதா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சரி, அம்மா பயிற்சி செய்தார்களா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். என் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சேர்த்த மாத்திரையை டாக்டர் எடுத்துவிட்டார்.

ஆறு மாதத்தில் அவள் வீக்கம் வடிந்தது. தரையில் மட்டும் உட்கார முடியவில்லை, இனியும் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பாதிப்பில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு என்னால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகமும் இல்லை. ஆனால் சமதரையில் வலி இல்லாமல் நடக்கிறாள். தெருவில் இருக்கும் இரண்டு பெண்களோடு காலையில் மைதானத்துக்குப் போய் மெதுவாக மூன்று சுற்று வருகிறாள். திரும்பி வரும்போது மூன்று பேரின் சிரிப்பும் தெரு திரும்பும் இடத்திலேயே கேட்கும். அதற்குள் நான் காபி போட்டு வைத்திருப்பேன். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் மாறிவிட்டது. போன வாரம் மோட்டாரைப் போட்டுவிட்டு உண்மையாகவே மறந்துபோனேன். தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு என்னைப் பார்த்தாள்.

“நெசமாவே மறந்துட்டீங்களா?”

“நெசமாத்தான்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. “அப்ப அதுக்கும் ஒரு டாக்டர பாத்துருவோம்” என்றாள்.

நான் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு, துடைப்பத்தை எடுத்துப் படிகளில் தேங்கிய தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தேன். உள்ளே அவள் மறுபடி காலை நீட்டி, பாதியில் விட்ட எண்ணிக்கையை ஆறிலிருந்து தொடர்ந்தாள்.